மதாமின் இரண்டு குதிரைக் கார்

எனக்குப் பத்து வயதான குளிர்காலத்தில், மனிதன் கண்டுபிடித்த ஏதாவது ஒரு பொருளைப் பற்றி ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று எங்கள் வகுப்பு ஆசிரியை சொல்லிவிட்டார். பிரெஞ்சில் இதற்கு எக்ஸ்போசே என்று பெயர். விமானம், விண்கலம், அதிவேக ரயில் என்று நல்லவற்றையெல்லாம் மற்றப் பிள்ளைகள் கையை உயர்த்தி எடுத்துக்கொண்டார்கள். என் முறை வந்தபோது மிஞ்சியிருந்தவை தையல் இயந்திரமும் காரும்தான். நான் காரை எடுத்தேன். அறிவார்வம் ஒன்றும் காரணமில்லை. எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்துக் கொட்டிலில் ஒரு பழைய கார் நின்றது. நூலகத்துக்குப் போகாமலே வேலையை முடித்துவிடலாம் என்பது என் யோசனை.

பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரூ பஜோல் என்ற தெருவை ஒட்டிய சந்தொன்றில், ஐந்தாம் மாடியில் நாங்கள் இருந்தோம். இரண்டு அறைகள். அப்பா நகரின் நடுவே ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்தார். அம்மா காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். அம்மாவின் தம்பியான மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடங்களாகி இருந்தன. அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. மாமாவுக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. ஐந்து மாடிகளையும் ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுவார். ஏன் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு மீசை இருப்பதுபோல மாமாவுக்கு அந்தக் கால் இருந்தது, அவ்வளவுதான்.

காரின் சொந்தக்காரி கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி. எழுபதைத் தாண்டியவர். நாங்கள் மதாம் என்போம். இளவயதில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில்தான் அந்தக் கார் பிறந்தது. இருக்கைகளுக்குத் துணி தைக்கும் வரிசையில் அவர் இருந்தாராம். நான் கொப்பியும் பென்சிலுமாகப் போய் நின்றதும் ஒரு தட்டில் பிஸ்கட்டை வைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்தே சொன்னார்.

அந்தக் காரின் பெயர் தெ ஷுவோ, இரண்டு குதிரை என்று அர்த்தம். உலகப் போருக்கு முன், நாட்டுப்புறத்து உழவர்கள் குதிரை வண்டியில் சந்தைக்குப் போய்வந்த காலத்தில், கார்க் கொம்பனியின் தலைவர் தன் பொறியியலாளர்களைக் கூப்பிட்டு, ஏழைக்கும் கட்டுப்படியாகிற ஒரு கார் வேண்டும் என்றாராம். மரச்செருப்புப் போட்ட இரண்டு உழவர்களும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் அதில் ஏற வேண்டும். ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலுக்குக் குறுக்கே ஓட்டினாலும் ஒரு முட்டையும் உடையக் கூடாது. முதலில் செய்த கார்கள் வெளியே வருவதற்குள் போர் வந்துவிட்டது. ஜெர்மன்காரர் கையில் கிடைத்துவிடக் கூடாதென்று அவற்றை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்து கண்காட்சியில் அந்தக் காரை வைத்தபோது பத்திரிகைக்காரர் சிரித்தார்கள். தகரப் பேணி என்றார்கள். சனங்கள் சிரிக்கவில்லை, பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குள்ளும் முதலில் கிராமத்து டொக்டர், மருத்துவிச்சி, பாதிரியார் என்று அவசரத் தேவை உள்ளவர்களுக்குத்தான் கொடுத்தார்களாம். மதாமின் முறை வர நாலு வருடம் எடுத்தது.

நான் முட்டையை மட்டும் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். பிறகு கொட்டிலுக்குப் போய்க் காரைப் பார்த்தேன். சாம்பல் நிறம், துணிக்கூரை, கயிற்றுக் கட்டில் பின்னியதுபோல் ரப்பரில் தொங்கும் இருக்கைகள். கியர் மாற்றும் தடி தரையிலிருந்து வராமல் ஒரு குடைப்பிடி போலச் சுக்கானுக்குப் பக்கத்தில் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. எதை எப்படித் திருப்பி இழுத்தால் எத்தனையாவது கியர் விழும் என்று மதாம் காட்ட, நான் அதைப் பெரிய மட்டையொன்றில் சிவப்பும் நீலமுமாக வரைந்தேன். எக்ஸ்போசேயின் சிகரமே அந்த மட்டைதான் என்பது என் நினைப்பு.

அந்த மார்கழியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மெத்ரோ இல்லை, புறநகர் ரயில் இல்லை, பஸ் இல்லை. எங்கள் யன்னலுக்குக் கீழே கிழக்கு நிலையத்தின் தண்டவாளங்கள். பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் படுத்துப் பழகிய எனக்கு அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை. அப்பா வீடு திரும்ப வழியில்லாமல் உணவகத்து மர வாங்கிலேயே படுத்துக்கொண்டார். பள்ளிக்கூடமும் மூடிவிட்டது. என் எக்ஸ்போசே தள்ளிப்போனதில் எனக்குத்தான் பெரிய நட்டம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் விசாரணை வந்தது. ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, நகரின் கிழக்குப்பக்கம் வன்சேனையும் தாண்டிய ஓர் இடத்தில். ஆள் வராவிட்டால் அவர் இல்லாமலே வழக்கை முடித்துவிடக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். லெ பிளாங்-மெனில் என்ற புறநகரிலிருந்து தினமும் எங்கள் தெருவுக்குச் சாமான் ஏற்றி வரும் கடைக்காரர் ஒருவர் தன் வானில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லை என்பதால் ஆறு மணிக்கு நானும் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மாமா அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு.

ஆறரை வரை வான் வரவில்லை. அம்மா மேலே ஏறிப்போய்த் தொலைபேசி எடுத்தார். கடைக்காரர் நாலரைக்கே புறப்பட்டுவிட்டார் என்றும், நெடுஞ்சாலை முழுக்க அடைத்துப்போய் வழியில் நிற்கிறார் என்றும் அவருடைய மனைவி சொன்னார். அன்று பாரிஸில் கார் வைத்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

அம்மா இறங்கி வந்து இதைச் சொன்னதும் மாமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "விடுங்கோ அக்கா, நான் நடந்து போறன்" என்றார்.

அம்மா அவருடைய முழங்காலைப் பார்த்தார். "இந்தக் காலோடை நடந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவாய்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, மதாமின்ர கார் ஓடுமோ?"

அந்தக் கார் பற்றி எங்கள் வீட்டில் நான்தானே நிபுணர். ஓடும் என்றேன். முட்டைகூட உடையாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இந்த இடத்தில் அம்மாவின் பெர்மியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்மி என்றால் ஓட்டுநர் பத்திரம். அதை எடுக்க அம்மா மூன்று வருடம் பாடுபட்டார். எழுத்துப் பரீட்சையில் பிரெஞ்சு புரியாமல் நாலு தரம், ஓட்டிக் காட்டும் பரீட்சையில் இரண்டு தரம் தவறினார். காரே வாங்க முடியாத வீட்டில் பெர்மி எதற்கு என்று அப்பா பகிடி பண்ணுவார். அம்மா அடுத்த பரீட்சைக்குப் பெயர் கொடுப்பார். கடைசியில் கிடைத்த அந்த இளஞ்சிவப்புக் கடதாசியை நகைகளோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார். பரீட்சைக்குப் பிறகு அவர் சுக்கானைத் தொட்டதே இல்லை.

மதாம் இரவு உடுப்போடு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். நான் மொழிபெயர்த்தேன். மாமாவுக்கு ஒன்பது மணிக்கு முக்கியமான ஒரு சந்திப்பு இருக்கிறது, அவரால் நடக்க முடியாது என்றேன். மதாம் மாமாவைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். என்ன சந்திப்பு என்று கேட்கவில்லை. யார் ஓட்டுவது என்று மட்டும் கேட்டார். நான் மொழிபெயர்க்க முந்தி அம்மா பிரெஞ்சில் "முவா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

தன் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கார் அசைந்தே பல மாதம், பற்றரி செத்திருக்கும், ஆனால் அந்தக் காருக்குக் கைப்பிடி இருக்கிறது என்றார் மதாம். காரின் முன்பக்கத் துளையில் வளைந்த இரும்புக் கம்பியொன்றைச் செருகிச் சுழற்ற வேண்டும். தலையில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவரும் கொட்டிலுக்கு வந்தார். முதலில் மாமா சுழற்றினார். கோபத்தோடு கீழ்நோக்கி அழுத்தியதில் கம்பி திருப்பி உதைத்து மணிக்கட்டில் அடித்தது. அவர் கையை உதறிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அமத்தக் கூடாது, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மதாம் சொல்ல, நான் சொல்ல, அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார்.

எத்தனை தரம் இழுத்தார் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் கார் இருமிவிட்டு அடங்கியது. அம்மாவின் மூச்சு வெள்ளையாகப் பறந்தது. மாமா "காணும் அக்கா, விடுங்கோ" என்றார். அம்மா அது காதில் விழாதவர்போல இழுத்தார். மதாம் உள்ளே கையை விட்டு ஏதோ ஒரு குமிழைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, இன்னொரு முறை என்றார். அந்த முறை பிடித்தது. கொட்டில் முழுக்கப் புகையும் சத்தமும் நிறைந்தன. தையல் இயந்திரம் ஒன்று கோபித்துக்கொண்டதுபோல ஒரு சத்தம்.

அம்மா ஏறி உட்கார்ந்து கியர்த்தடியைத் தேடினார். தரையில் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. அப்போதுதான் அவர் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைக் கண்டேன். ஒரு கணம்தான். "பிள்ளை, நீ கீறின மட்டையைக் கொண்டு வா" என்றார். நான் ஐந்து மாடியையும் ஓடி ஏறி, ஓடி இறங்கினேன்.

இப்படியாக நாங்கள் புறப்பட்டோம். அம்மா சுக்கானில், மாமா பக்கத்தில், பின்னிருக்கையில் மட்டையும் நானும். "முதலாவது, இடப்பக்கம் திருப்பி இழுங்கோ. ரெண்டாவது, நடுவுக்குக் கொண்டுவந்து தள்ளுங்கோ" என்று நான் வாசிக்க வாசிக்க அம்மா ஓட்டினார். ரூ பஜோலின் முனையில் கார் இரண்டு முறை குதித்தது. அதற்குப் பிறகு குதிக்கவில்லை. நடைபாதை நிறையச் சனம் நடந்துகொண்டிருந்தது. கோட்டுச்சூட்டுப் போட்டவர்கள் சறுக்குச் சக்கரத்தில் போனார்கள். தலைக்கு மேலே மெத்ரோப் பாலம் வெறுமையாகக் கிடந்தது.

மழை தூறத் தொடங்கியது. அந்தப் பழைய காரில் கண்ணாடி துடைக்கும் தடிகள் சக்கரத்தோடு சேர்ந்து ஓடுகிறவை. கார் வேகமாகப் போனால் வேகமாகத் துடைக்கும், நின்றால் அவையும் நின்றுவிடும். நாங்களோ நூறு மீற்றருக்கு ஒருதரம் நின்றோம். உள்ளே ஒரு திருகுப்பிடி இருந்தது, கையால் திருகியும் துடைக்கலாம். அந்த வேலை மாமாவுக்கு வந்தது. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அடிபட்ட கையால் இங்கும் அங்குமாக அவர் திருகிக்கொண்டே வந்தார்.

ஸ்டாலின்கிராட் என்று பெயர்கொண்ட சந்தியில், நாலா பக்கமும் வாகனங்கள் பின்னிக் கிடந்த இடத்தில், கார் நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் ஹோன் அடித்தார்கள். போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பொலிஸ்காரர் ஒருவர் எங்களை நோக்கி நடந்து வந்தார்.

அவர் குனிந்து அம்மா பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். அம்மா அதை மேலே மடித்துவிட்டு, கேட்க முந்தியே பெர்மியை நீட்டினார். அதை ஒருவர் பார்ப்பது அதுவே முதல் முறை. பொலிஸ்காரர் ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"டொக்டரிட்டை" என்பதை அம்மா பிரெஞ்சில் சொன்னார்.

அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். திருத்துவதற்காக முன்னுக்கு எட்டினேன். அம்மா திரும்பாமலே, தமிழில், மிக மெதுவாக, "நீ வாய் திறக்காதை" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனால் காரைப் பற்றிப் பேசக் கூடாது என்று அம்மா சொல்லவில்லையே. எக்ஸ்போசே வேறு மூன்று வாரமாக வயிற்றுக்குள் கிடந்தது. இந்தக் காரை அந்தக் காலத்தில் டொக்டர்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள், முஸ்யே, என்று தொடங்கி, மருத்துவிச்சி, பாதிரியார், உருளைக்கிழங்கு, முட்டை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

பொலிஸ்காரர் சிரித்தார். அவருடைய தாத்தாவிடமும் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்ததாம். கைப்பிடி எங்கே என்று கேட்டு வாங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் காருக்கு முன்னால் குனிந்து, மூன்றாவது இழுப்பில் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார். பிறகு கையை உயர்த்தி இரண்டு பக்கமும் வாகனங்களை நிறுத்தி, எங்களை மட்டும் கடக்க விட்டார். நான் பின்கண்ணாடி வழியே கைகாட்டினேன்.

மாமா மட்டும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. முகத்தைத் திருப்பக்கூட இல்லை. கார் நின்றுகிடந்த நேரம் முழுவதும், பொலிஸ்காரர் கண்ணாடிக்கு மறுபக்கம் குனிந்து நின்றபோதும், அந்தத் திருகுப்பிடியை இங்கும் அங்குமாகத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தக் குளிரில் அவருடைய கழுத்து வேர்த்திருந்தது. உதவி செய்தவருக்கு மெர்சி சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பதை நான் அவருக்கு நினைவூட்டினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதுக்குப் பத்து நிமிடம். நிறுத்த இடமில்லாமல் அம்மா நடைபாதையில் பாதி ஏற்றி நிறுத்தினார். கையில் கோப்புகளோடு வாசலில் காத்திருந்த வழக்கறிஞர் காரைக் கண்டு கொஞ்சம் திகைத்தார். நானும் உள்ளே வருகிறேன் என்றேன். மாமாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்குத் தெரியும், காலையிலிருந்து எல்லாவற்றையும் நான்தானே மொழிபெயர்க்கிறேன் என்று வாதாடினேன். உள்ளே அதற்கென்று ஒருவர் இருக்கிறார் என்றார் மாமா. அம்மா என் தோளைப் பிடித்து இருக்கையில் அமத்தினார். "நீ காரைப் பார்த்துக்கொண்டு இரு. விட்டிட்டுப் போனா பொலிஸ் இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்."

இது எனக்குப் பதவி உயர்வாகப் பட்டது. அம்மா இயந்திரத்தை நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ என்ற பயம். இரண்டு மணி நேரம் அந்தக் கார் நடுங்கிக்கொண்டே நின்றது. நான் கதவுக் கண்ணாடியில் விரலால் முட்டைகள் வரைந்தேன். அம்மா இரண்டு கைகளாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, ஓட்டிக்கொண்டிருப்பவர்போலவே நேரே பார்த்தபடி இருந்தார். முன்னால் நிறுத்தியிருந்த கார்களைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அந்த வழக்கு நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மா அதைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய் மதாமிடம் கொடுத்து, தான் வாசித்தது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். மதாம் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பள்ளிக்கூடம் திறந்த பிறகு என் எக்ஸ்போசேயும் நடந்தது. பொலிஸ்காரர் கைப்பிடி சுழற்றியதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எங்கே போனோம் என்பதைச் சொல்லக் கூடாதென்று அம்மா முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், டொக்டரிடம் போனோம் என்றேன்.

இந்த வேலைநிறுத்தத்தில் எப்படி வந்து சேர்ந்தாய் என்று அன்று உள்ளே விசாரித்தவர்கள் மாமாவைக் கேட்டார்களாம். அக்கா தெ ஷுவோவில் கொண்டுவந்து விட்டா என்று மாமா சொன்னதும் மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். பின்னாளில் திரான்சி என்ற புறநகரில் வீடு எடுத்து, கலியாணம் செய்து, பிள்ளைகளும் பிறந்த பிறகு, விருந்துகளில் இதை மட்டும் மாமா அலுக்காமல் சொல்லுவார். அந்தக் கார்தான் எனக்கு அகதிப் பேப்பர் வாங்கித் தந்தது என்பார். நானும் நெடுங்காலம் அப்படியே நம்பினேன். சிரிக்க வைத்தவனுக்கு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? மிகுதி நேரம் அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று பதினொரு மணிக்கு மாமா வெளியே வந்தார். மழை விட்டிருந்தது. வழக்கறிஞருக்குக் கைகொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்து வந்தார். கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் பூட்டியிருந்தார். இடது காற்சட்டை சப்பாத்து வரை ஒழுங்காக இருந்தது. வலது பக்கம் மட்டும் முழங்காலுக்கு மேலே சுருட்டி விடப்பட்டிருந்தது. அந்தக் காலை அதற்கு முன் நான் வெறுமையாகப் பார்த்ததில்லை, முழங்காலைச் சுற்றிப் பழைய தழும்புகள் இருந்தன. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணாடியை மடித்துத் தலையை வெளியே நீட்டினேன்.

"மாமா, காற்சட்டையை இறக்கி விடுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் காண்பவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடைபாதை ஓரத்தில் ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு, மடிப்பு மடிப்பாக அதை இறக்கிவிட்டார். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஏறிக் கதவைச் சாத்தியதும், இனி எப்படி என்று என்னைக் கேட்காமலே, அம்மா முதலாவது கியரை இடப்பக்கம் திருப்பி இழுத்தார்.